டீசல் வண்டிக்கு எந்த எண்ணெய்?

“ஏனுங்க தம்பி, சிந்தடிக் ஊத்தறதா, சாதாவே ஊத்தறதா?”

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டவர், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக மைசூரில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை. நானோ பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. எஞ்சினுக்கும் எனக்கும் எப்போதும் ஒரு பிளாட்பாரம் தூரம் உண்டு. ஆனாலும் கேட்டவரைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. நாலு பேரிடம் விசாரித்தேன், படிக்க வேண்டியதைப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பண்டிபாளையா மார்க்கெட்டிலிருந்து ஊட்டிக்கும் சாம்ராஜ்நகர் வழியாகத் தாளவாடி, சத்திக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தமிழர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

பெரியவர் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று அவருடையது, 2012-ல் வாங்கிய பழைய மினி லாரி. மற்றது அவர் தங்கை மகன் கடன் போட்டு வாங்கிய பிக்-அப் வேன், பி.எஸ்.6 வகை. “கிழட்டு வண்டிக்கு சிந்தடிக் ஊற்றினால் எஞ்சின் இன்னும் பத்து வருஷம் உழைக்கும்” என்று பெரியவரிடம் மெக்கானிக் சொல்லியிருக்கிறார். விலை சாதா ஆயிலைப்போல் இரண்டரை மடங்கு. மருமகனோ, புது வண்டிதானே, எது ஊற்றினாலும் தாங்கும் என்று கடையில் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் ஆயிலையே ஊற்றி வந்திருக்கிறார். செலவு செய்யத் தேவையில்லாத இடத்தில் செலவும், சிக்கனம் கூடாத இடத்தில் சிக்கனமும் ஆக, ஒரே வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது!

சிந்தடிக் என்றால் என்ன? கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, அதில் மெழுகையும் கந்தகத்தையும் நீக்கி எடுப்பது சாதா ஆயில். மினரல் ஆயில் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். சென்னை மணலியில் 1969-ல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலும் இதற்கான மூல எண்ணெய் தயாராகிறது. சிந்தடிக் என்பது ரசாயன முறையில் மூலக்கூறுகளைக் கட்டி உண்டாக்கும் எண்ணெய். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலியம் கிடைக்காமல் தவித்த ஜெர்மானியர் இதில் நிறைய வேலை செய்தார்கள். பின்னர் ஜெட் விமானங்களுக்கு இது தவிர்க்க முடியாததாயிற்று. சாதாரணக் கார்களுக்கு அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1970-களில்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. இதைச் சிந்தடிக் என்று சொல்லலாமா கூடாதா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் வழக்கு வந்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அந்நாட்டு அமைப்பு 1999-ல், தாராளமாகச் சொல்லலாம் என்று தீர்ப்புக் கூறிவிட்டது. அன்றிலிருந்து டப்பாவின் மேல் உள்ள ‘சிந்தடிக்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று அறுதியிட முடியாது. ‘செமி சிந்தடிக்’ என்பது அதைவிட மோசம். எத்தனை பங்கு கலந்திருக்கிறார்கள் என்று டப்பாவில் தேடிப் பாருங்கள், அகப்படாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லை அல்ல. டப்பாவின் முதுகில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு குறிகளைத்தான். ஒன்று, 15டபிள்யூ40, 5டபிள்யூ30 என்பது போன்ற எண். இது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டுவது. மற்றது சி.எச்.4, சி.ஐ.4, சி.கே.4 என்பது போன்ற ரகக் குறி. ‘சி’ என்று தொடங்கும் குறி டீசல் எஞ்சினுக்கு உரியது. அடுத்த எழுத்து ஏற ஏற ரகம் புதியது. சி.எச்.4 வந்தது 1998-ல், சி.ஐ.4 வந்தது 2002-ல், சி.கே.4 வந்தது 2016 கடைசியில். பொதுவாகப் புது ரகத்தைப் பழைய வண்டிக்கு ஊற்றலாம், பழைய ரகத்தைப் புது வண்டிக்கு ஊற்றக்கூடாது. சாதா ஆயிலிலும் சி.கே.4 கிடைக்கிறது என்பதை நம்மவர்களில் பலர் அறியவில்லை. ரகம் வேறு, சிந்தடிக்கா சாதாவா என்பது வேறு.

எண்ணில் வரும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 15டபிள்யூ என்றால், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலும் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப இடம் கொடுக்கும் எண்ணெய் என்று பொருள். 5டபிள்யூ என்றால் அதே வேலையைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் செய்யும். சிந்தடிக் எண்ணெயின் முதல் பெருமையே இப்படிக் கடுங்குளிரில் உறையாமல் ஓடுவதுதான். ரஷியாவிலும் கனடாவிலும் அதற்கு விலை உண்டு. மைசூரில் மார்கழி விடியலில் போர்வைக்குள் நடுங்குகிறோமே, அதெல்லாம் இந்தக் கணக்கில் குளிரே அல்ல. ஊட்டியில் உறைபனி கொட்டும் இரவில் வண்டியை வெளியே நிறுத்தினாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு 15டபிள்யூ தாராளம்.

அப்படியானால் சிந்தடிக் வெறும் ஏமாற்றா? இல்லை. அப்படிச் சொல்பவர்களும் தவறுகிறார்கள். உஷ்ணத்தில் அது சீக்கிரம் கெடாது, ஆவியாகி வீணாவதும் குறைவு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதையில் முழுச் சரக்கோடு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். டர்போ உள்ள வண்டி என்றால் அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தத் தண்டை எரிந்துபோகாமல் தாங்குவது அதைச் சுற்றியுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். ஏறி முடித்ததும் டீக்கடையைக் கண்டவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தினால், எண்ணெய் ஓட்டம் நின்று, கொதிக்கும் டர்போவில் தங்கிய எண்ணெய் கரியாகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே சிந்தடிக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் இறங்குவதற்கு முன் ஓரிரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் சாதா ஆயிலும் பிழைத்துக்கொள்ளும். அதற்குக் காசு செலவில்லை.

காலை நேரக் கதை இதற்கு நேர் எதிர். 2009-லிருந்து பந்திப்பூர் காட்டுப் பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வரிசையில் படுத்துக் கிடக்கும் வண்டிகள் ஆறு மணி அடித்ததும் ஒரே நேரத்தில் கிளம்பும். கிளப்பிய மறுகணமே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி உறுமவிடுவார்கள் நம் இளைஞர்கள். இரவெல்லாம் அடியில் இறங்கிவிட்ட எண்ணெய் மேலே ஏற அவகாசம் கொடுக்காமல் செய்யும் இந்தக் காரியத்துக்கு எந்த விலை ஆயிலும் முழுப் பரிகாரம் ஆகாது.

இனி பெரியவரின் பணக் கணக்குக்கு வருவோம். எட்டு லிட்டர் பிடிக்கும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். சாதா ஆயில் லிட்டர் 350 ரூபாய், சிந்தடிக் 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டம், பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். சாதா ஆயிலுக்கு ஆகும் செலவு 16,800 ரூபாய். சிந்தடிக்குக்கு 43,200 ரூபாய். வித்தியாசம் 26,400 ரூபாய். வேன் வாங்கியவருக்கு அது இரண்டு மாதத் தவணையாகக்கூட இருக்கலாம்! சிந்தடிக்கை இருபதாயிரம் வரை ஓட்டலாமே என்பார்கள். ஓட்டினால் 21,600 ஆகிறது, அப்போதும் சாதாவைவிட 4,800 அதிகம். மூன்று முறை ஒர்க்ஷாப்பில் நிற்பதும், மூன்று ஃபில்டர் விலையும் மிச்சம் என்பதால் சிலருக்குக் கட்டுபடியாகலாம். ஆனால் அத்தனை தூரம் ஓட்டலாம் என்று வண்டியின் கையேடு சொல்ல வேண்டும். மெக்கானிக் சொன்னால் போதாது. வாரண்டி உள்ள வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

பெரியவரின் லாரி பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த பழைய எஞ்சின். அடியில் கசடு படிந்திருக்கும், ரப்பர் சீல்கள் தேய்ந்திருக்கும். கசடே சில இடங்களில் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நன்றாகக் கழுவக்கூடிய எண்ணெயை ஊற்றினால் அதுவரை தெரியாத ஒழுக்கு வெளியே தெரிவதுண்டு. ஒழுகும் எஞ்சினில் லிட்டர் 900 ரூபாய் ஆயிலை ஊற்றுவது ஓட்டைப் பானையில் நெய் ஊற்றுவது போல. இன்னொரு செய்தியும் பெரியவருக்குச் சாதகமாக இருக்கிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி எண்ணெயைக் கெடுக்கும். பி.எஸ்.3 டீசலில் ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.4-ல் அது 50 ஆயிற்று. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பி.எஸ்.6 டீசலில் வெறும் 10. பழைய வண்டியானாலும் இன்று அதன் தொட்டியில் விழுவது இந்தச் சுத்தமான டீசல்தான். அதனால் கையேட்டில் சொன்ன எண்ணுள்ள நல்ல சாதா ஆயில் அவருக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

மருமகன் விஷயம்தான் கவலைக்குரியது. போன தை மாதம் மலை ஏறும்போது முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. இரண்டு நாள் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் வண்டி இழுக்கவில்லை. புகைக்குழாயில் கரியை வடிகட்டும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் அடைத்துவிட்டது என்றார்கள். வண்டி ஐந்து நாள் நின்றது. தக்காளி நடை வேறொருவருக்குப் போயிற்று. செலவு அந்த மாதத் தவணையை விழுங்கிவிட்டது.

பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை எஞ்சின் தானே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆனால் எஞ்சின் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற உலோக மருந்துகள் எரிந்தால் வருவது சாம்பல். அடுப்புச் சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? அது உள்ளேயே தங்கும். இதற்காகவே சாம்பல் குறைந்த ஆயில் வந்திருக்கிறது. சி.கே.4 ரகத்தில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பீப்பாய் ஆயிலில் என்ன வரம்பு இருந்ததோ, கடைக்காரருக்கே தெரியாது. அடைப்புக்கு ஆயில் ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் நடைகளில் ஃபில்டர் சூடேறாமல் கரி தங்குவதும் உண்டு. ஆனால் கையேட்டைப் புரட்டினால், சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதை மருமகன் படிக்கவில்லை. எப்படிப் படிப்பார்? கையேடு முழுவதும் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நானே அரை நாள் போராடித்தான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வண்டி விற்பவர்கள், அதை ஓட்டிப் பிழைப்பவனுக்குப் புரிகிற மொழியில் பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுக்கக்கூடாதா? கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது மட்டும் தமிழில், கன்னடத்தில், இந்தியில் என்று எத்தனை மொழியில் விளக்கம் சொல்கிறார்கள்! வண்டி எடுக்கும் நாளில் தமிழிலோ கன்னடத்திலோ கையேடு கேளுங்கள். இல்லை என்றால், எந்த எண், எந்த ரகம், எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

புது வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபில்டர் கரியை எரிக்கும்போது கொஞ்சம் டீசல் நழுவி எஞ்சின் ஆயிலில் கலப்பதுண்டு. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். ‘பரவாயில்லை, ஆயிலே குடிக்கவில்லை’ என்று சந்தோஷப்படாதீர்கள். ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். குறிக்கு மேலே ஏறியிருந்தால் உடனே காட்ட வேண்டும்.

ரயில்வேயில் என்ன செய்கிறார்கள் என்று பெரியவர் கேட்டார். அது கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது மைசூர்-பெங்களூர் பாதையில் மின்சார எஞ்சின்கள் வந்துவிட்டன. ஆனால் நெடுங்காலம் நம் பாதைகளை ஆண்ட பதினாறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 900 லிட்டர் மசகு எண்ணெய் வேண்டும். அத்தனையையும் நாள் பார்த்துக் கொட்டிவிட்டால் கட்டுபடியாகுமா? அதனால் டீசல் ஷெட்டுகளில் சோதனைக்கூடம் வைத்தார்கள். ஒவ்வொரு பராமரிப்பின்போதும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பு கூடினால் சிலிண்டர் பக்கம் தேய்மானம், செம்பு கூடினால் பேரிங், மண் சத்து கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசு நுழைகிறது, நீர்த்துப் போயிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை போல. எந்த எண்ணெய் ஊற்றலாம் என்பதையும் லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு சோதித்து அனுமதி கொடுத்த பிறகுதான் வாங்குவார்கள். ஷெட் மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு ஊற்ற முடியாது.

அந்தச் சோதனைக்கூடங்களில் ஏழைக்கேற்ற ஒரு சோதனையும் உண்டு. மை ஒற்றும் காகிதத்தில் ஒரு சொட்டு ஆயிலை விட்டுக் காயவைப்பார்கள். கறுப்பு ஒரே சீராகப் பரவி விளிம்பில் மங்கினால் எண்ணெய் இன்னும் கரியைச் சுமந்து நிற்கிறது. நடுவில் கட்டியாகக் கறுத்து வெளியே வெறும் பசையாக நின்றால் அதன் சக்தி தீர்ந்துவிட்டது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இதை முடிவான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம், ஒரு குறிப்பாகக் கொள்ளலாம். சும்மா விரலில் தொட்டுப் பார்த்து ‘ஆயில் கறுத்துவிட்டது, மாற்று’ என்று சொல்வதைவிட இது மேல். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துத்தான் போகும். கரியைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை.

முறையான சோதனை செய்துதரும் தனியார் கூடங்களும் இன்று உண்டு. ஒரு வண்டிக்காரர் தனியாகப் போனால் அலைச்சலும் செலவும். மைசூரில் சரக்கு வண்டி ஓட்டும் நம்மவர்கள் இருபது பேர் சேர்ந்து மாதிரிகளை ஒன்றாக அனுப்பினால் என்ன? சங்கக் கூட்டங்களில் மாலை மரியாதைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கலாம்.

கடைசியாக, போலிச் சரக்கு. சிந்தடிக்கா சாதாவா என்று ஒரு மணி நேரம் விவாதித்துவிட்டுப் போலி டப்பாவை வாங்கினால் விவாதம் எதற்கு? பேர்பெற்ற கம்பெனியின் காலி டப்பாக்களை விலை கொடுத்து வாங்கி, பழைய ஆயிலைக் காய்ச்சி வடித்து நிரப்பி விற்கும் கூட்டம் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது. மூடியின் சீல் உடையாத டப்பாவாக, பில்லோடு, நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்கள் கண்ணெதிரில் ஊற்றச் சொல்லுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போகும்படி ஒர்க்ஷாப்பிலேயே ஒப்படையுங்கள். காலி டப்பாவை மட்டும் விடாதீர்கள், ஓட்டை போட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும்.

பெரியவர் மறு ஞாயிறே தன் லாரிக்கு 15டபிள்யூ40 சாதா ஆயில், சி.ஐ.4 ரகம், பில்லோடு வாங்கி ஊற்றிவிட்டார். மருமகன் வேனுக்குக் கையேட்டில் உள்ளபடி சாம்பல் குறைந்த ஆயில். அது சிந்தடிக்காகவே அமைந்தது, விலையும் கூடத்தான். கொடுத்தார்கள். இரண்டு காலி டப்பாவையும் பெரியவரே ஸ்க்ரூ டிரைவரால் குத்தியிருக்கிறார். ஓட்டை டப்பாவுக்குப் பாதி விலைதான் தருவேன் என்று பழைய சாமான்காரர் சண்டை போட்டாராம்.